தெற்கெல்லை கடல்: வால்ட்டன் கடற்கரை வீட்டுக்காரர்களின் வழக்கு

கிரயப்பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் தோட்டம், வடக்கே தெரு என்று எழுதிவிடலாம். அவை இருந்த இடத்திலேயே இருக்கும். தெற்கே கடல் என்று எழுத நேர்ந்தால் அங்கேதான் தகராறு தொடங்குகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவைப் பார்த்துத் தெற்கு நோக்கிக் கிடக்கிறது வால்ட்டன் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி). அங்கே இந்த ஒரு வரிக்காகக் கடலோர வீட்டுக்காரர்கள் சங்கம் அமைத்து, நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். எட்டு ஆண்டு கழித்து, அதே கரையில், அதே தரப்பு மாநிலச் சட்டமன்றத்தின் வழியாக வென்றது. அந்த வெற்றி ஏழு ஆண்டு நின்றது.

எனக்கு இதில் ஒரு பக்கம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைமுறை தலைமுறையாக மக்கள் உட்கார்ந்து பழகிய மணலில் அவர்களுக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் வீட்டுக்காரர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டால் இந்த வழக்கு புரியாது. அவர்கள் கேட்டவற்றில் நியாயமும் இருந்தது. அந்த நியாயத்தை அவர்கள் கொண்டுபோன வழிதான் அவர்களைக் கவிழ்த்தது.

மணலும் கோடும்

இந்தக் கரையின் மணல் சர்க்கரை போல வெள்ளை. அப்பலாச்சியன் மலைகளிலிருந்து ஆறுகள் அரைத்துக் கொண்டுவந்து சேர்த்த படிகக்கல் துகள் அது. வெயில் காலத்திலும் காலைச் சுடுவதில்லை; நடந்தால் கிறீச்சென்று ஒலிக்கும். கரை நீளம் சுமார் 26 மைல். மணல்மேடுகளுக்குப் பின்னால் நன்னீரும் கடல்நீரும் கலந்த சிறு ஏரிகள் உண்டு. மழை மிகுந்தால் அவை மேட்டை உடைத்துக்கொண்டு கடலில் விழும். 1981-இல் ராபர்ட் டேவிஸ் என்பவர் தாத்தா வாங்கிப் போட்டிருந்த 80 ஏக்கரில் சீசைடு என்ற சிற்றூரைக் கட்டத் தொடங்கினார். மரவீடு, முன்திண்ணை, நடந்தே போகக்கூடிய தெருக்கள் என்று அமைந்த அந்த ஊர் உலகப் புகழ் பெற்றது. பின்னாலேயே பணமும் வந்தது. 1990-இல் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 28,000. 2020 கணக்கெடுப்பில் 75,305. பைன் மரமும் புதரும் மண்டிக் கிடந்த கரையோர மனைகள் கோடிகளில் விலை போயின.

வாங்கியவர்களில் பலருக்கு அது இரண்டாவது வீடு. வாக்குரிமை வேறு ஊரில், சில நேரம் வேறு மாநிலத்தில். வரியை இங்கே கட்டுவார்கள். கவுண்டியின் ஐந்து ஆணையர்களைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்குப் பங்கில்லை. அந்த ஆணையர்களுக்கு வாக்களிப்பவர்களில் ஒரு பகுதியினர் கடலிலிருந்து வெகு தொலைவில், கவுண்டித் தலைநகரான டிஃப்யூனியக் ஸ்பிரிங்ஸ் பக்கத்து வடபகுதிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை குடையும் குளிர்பெட்டியுமாகக் கடலுக்கு வந்துபோவார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் நடந்ததெல்லாம் விளங்கும். வாக்குச்சீட்டு இல்லாத சொத்துக்காரனுக்குச் சங்கம்தான் வாக்குச்சீட்டு. உள்ளூர்த் தேர்தலில் எண்ணிக்கை இல்லாதவர்கள் வழக்கறிஞரிடமும் மாநிலத் தலைநகரிடமும் போவது இயல்பு.

இனிக் கோடு. கடல்நீர் ஏறி இறங்குவதை ஓதம் என்பார்கள். ஃபுளோரிடா அரசமைப்பின்படி சராசரி உயர் ஓதக் கோட்டுக்குக் கீழே உள்ள கரை மக்களுக்காக மாநிலம் வைத்திருக்கும் சொத்து. அதில் யாரும் நடக்கலாம், நிற்கலாம். அந்தக் கோட்டுக்கு மேலே மணல்மேடு வரை உள்ள காய்ந்த மணல், பத்திரம் அப்படிச் சொன்னால், வீட்டுக்காரருடையது. சண்டையெல்லாம் இந்தக் காய்ந்த மணலைப் பற்றியதுதான்.

அந்தக் கோட்டைக் கரையில் போய்க் காட்டு என்றால் யாராலும் காட்ட முடியாது. பத்தொன்பது ஆண்டு ஓத அளவுகளைச் சராசரி எடுத்து வரும் ஒரு மட்டம் அது. நில அளவையாளர் அந்த மட்டம் இன்றைய மணல் சரிவை எங்கே தொடுகிறதோ அங்கே புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். ஈர மணல் முடிகிற இடமும் அதுவும் ஒன்றல்ல. காற்று பலமாக அடித்த நாளில் ஈரம் கோட்டைத் தாண்டி மேலே ஏறியிருக்கும். அமைதியான நாளில் கீழே நிற்கும். வளைகுடாவின் இந்தப் பகுதியில் ஓதம் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான், உயரமும் ஓரிரு அடிக்குள்தான். ஆனால் சரிவு குறைந்த மணலில் மட்டம் அரை அடி மாறினாலே ஓரம் பல அடி தள்ளிப்போகும். பருவத்துக்குப் பருவம் மணல் போகிறது, வருகிறது. கோடும் கூடவே நடக்கிறது. குடும்பத்தோடு துண்டு விரித்துப் படுத்திருப்பவரிடம், 'நீங்கள் என் நிலத்தில் இருக்கிறீர்கள்' என்று வீட்டுக்காரர் சொன்னால், அந்த இடத்தில் நின்றுகொண்டு இருவராலுமே எதையும் நிரூபிக்க முடியாது.

வேண்டாத மணல்

1995 அக்டோபர் 4 அன்று ஓப்பல் புயல் பென்சகோலா அருகே கரையேறியது. மேற்கே பக்கத்தில் உள்ள டெஸ்டின் நகரத்தின் கரையும் வால்ட்டன் கரையும் அரித்துக்கொண்டு போயின. மணல்மேடுகள் தட்டையாயின. மாநிலச் சுற்றுச்சூழல் துறை இந்தப் பகுதியைக் கடும் அரிப்புக்குள்ளான கரைகளின் பட்டியலில் சேர்த்தது. 1998-இல் ஜார்ஜஸ், 2002-இல் இசிடோர், 2004-இல் ஐவன் என்று அடுத்தடுத்து அடி விழுந்தது.

2003-இல் டெஸ்டின் நகரமும் வால்ட்டன் கவுண்டியும் சேர்ந்து 6.9 மைல் கரைக்கு மணல் நிரப்ப அனுமதி கேட்டன. கடலுக்குள்ளிருந்து மணலைத் தோண்டிக் குழாய் வழியாகக் கரையில் கொட்டிப் பரப்பும் வேலை. கரை சுமார் 75 அடி அகலமாகும். வீட்டுக்காரர்கள் ஒரு காசு தர வேண்டாம். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே 75 அடி மணல் வந்தால் அடுத்த புயலில் தப்பிப்பது முதலில் அந்த வீடுதான்.

இருந்தும் எதிர்ப்பு எழுந்தது. காரணம் 1961-இல் இயற்றப்பட்ட கடற்கரைப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. மணல் கொட்டுவதற்கு முன் மாநிலம் ஓர் அரிப்புக் கட்டுப்பாட்டுக் கோடு வரைந்து பதிவு செய்யும். அன்றைய உயர் ஓதக் கோட்டை ஒட்டி வரையப்படும் அந்தக் கோடு அதன்பின் அசையாது. அதற்குத் தெற்கே கொட்டப்படும் மணல் மாநிலத்தின் சொத்து, அதாவது எல்லோருடையது. நேற்றுவரை பத்திரத்தில் தெற்கெல்லை கடல். நாளை முதல் தெற்கெல்லை ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் பொது மணல். அதற்கும் அப்பால்தான் கடல்.

வீட்டுக்காரர்கள் இரண்டு இழப்புகளைச் சொன்னார்கள். முதலாவது, மணல் மெல்ல மெல்லப் படிந்து நிலம் வளர்ந்தால் அந்த வளர்ச்சி கரைக்காரருக்கே சேரும் என்ற பழைய உரிமை. கோடு உறைந்துவிட்டால் அது போய்விடும். இரண்டாவது, தன் நிலம் நீரைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்ற உரிமை. வழக்கில் சொல்லப்பட்டவை இவை. மனத்தில் இருந்தது இன்னொன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை: படியிறங்கும் இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள் என்ற கவலை. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கியவர், முன்வாசலில் பொதுத்திடல் வருகிறது என்றால் பதறத்தான் செய்வார். எந்த ஊராக இருந்தாலும் இதுதான்.

ஆனால் சட்டம் அவர்களைக் கைவிட்டுவிடவில்லை. கடலுக்குப் போகவும் வரவும், படகு விடவும், குளிக்கவும், மீன் பிடிக்கவும், கடலைப் பார்க்கவும் அவர்களுக்கிருந்த உரிமைகள் அப்படியே இருக்கும் என்று எழுதிவைத்திருந்தது. கோட்டுக்குத் தெற்கே அரிப்பைத் தடுப்பதற்குத் தேவையானதைத் தவிர வேறு கட்டடம் எழுப்ப மாநிலத்துக்கே தடை இருந்தது. கரையைப் பராமரிக்காமல் விட்டால் கோடே ரத்தாகிவிடும். மூன்று பாதுகாப்புகளும் வலுவானவை. இவற்றைப் பிடித்துக்கொண்டு கவுண்டியிடம் உட்கார்ந்து பேசியிருந்தால், குடை வாடகைக்காரர்கள் எங்கே நிற்கலாம், இரவில் என்ன கட்டுப்பாடு, குப்பையை யார் அள்ளுவது என்று நிறையவே வாங்கியிருக்கலாம் என்பது என் கணிப்பு. அவர்கள் சொத்துரிமையின் அடித்தளத்தையே வழக்காக்கினார்கள்.

ஆறு பேர் சங்கம்

திட்டப் பகுதியில் கடலோர வீடு வைத்திருந்த ஆறு பேர் சேர்ந்து இலாப நோக்கில்லாச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்திருந்தார்கள். பெயர் 'ஸ்டாப் தி பீச் ரினரிஷ்மென்ட்'. கடற்கரைக்கு மணல் நிரப்புவதை நிறுத்து என்பதே பெயர். பெயரிலேயே கோரிக்கை இருந்ததால் சமரசத்துக்குக் கதவு திறந்து வைக்கப்படவில்லை.

நிர்வாக விசாரணையில் தோற்றார்கள். 2006-இல் மாநிலத்தின் முதல் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது: இரண்டு கரையோர உரிமைகளும் பறிக்கப்படுகின்றன, இழப்பீடு இல்லாமல் அது கூடாது என்றது. 2008-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. கரைக்காரருக்கு உள்ளது கடலுக்குப் போய்வரும் உரிமை; நீரைத் தொட்டுக்கொண்டே இருக்கும் தனி உரிமை ஒன்று இல்லை என்றது. இரண்டு நீதிபதிகள் உடன்படவில்லை. கடலோர நிலம் என்ற பெயரே கடலைத் தொடுவதால் வந்ததுதானே என்ற கேள்வி அவர்கள் தரப்பில் நின்றது. எனக்கு அந்தக் கேள்வி இன்னமும் கனமாகத்தான் படுகிறது.

இங்கே சங்கத்தின் வழக்கறிஞர்கள் புது வழி ஒன்றைப் பிடித்தார்கள். அரசு நிலத்தைப் பறித்தால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்கிறது அமெரிக்க அரசமைப்பு. ஒரு நீதிமன்றமே, நேற்றுவரை இருந்த சொத்துரிமையைத் தீர்ப்பால் இல்லையென்று சொல்லிவிட்டால் அதுவும் பறிப்புத்தானே? நாடெங்கும் உள்ள சொத்துரிமைக்காரர்கள் இந்த வழக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு வீடுகளின் வழக்கு அமெரிக்கச் சொத்துச் சட்டத்தின் பெரிய கேள்வியாகிவிட்டது.

2009 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் கடலோரக் குடியிருப்பு வைத்திருந்த நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் விலகிக்கொண்டார். 2010 ஜூன் 17 அன்று தீர்ப்பு. எட்டுக்குப் பூஜ்யம் என்று சங்கம் தோற்றது. எழுதியவர் அன்டோனின் ஸ்கலியா. சொத்துரிமைக்கு அவரைவிட உறுதியான நண்பர் அந்த மன்றத்தில் இருந்ததில்லை என்றே சொல்லலாம்.

தீர்ப்பின் மையத்தில் இருப்பது ஒரு பழைய பாகுபாடு. கண்ணுக்குத் தெரியாமல் மெல்லப் படியும் மணல் கரைக்காரருக்குச் சேரும். புயலாலோ வெள்ளத்தாலோ திடீரென்று கடலடி வெளியே வந்து கிடந்தால் அது பழைய உடைமைக்காரருக்கே, அதாவது மாநிலத்துக்கே. அப்படி வந்த திடல் கரைக்காரரையும் நீரையும் பிரித்தாலும் சட்டம் அதுதான். ஃபுளோரிடாவில் மாநிலமே நீரை வடித்து நிலத்தை வெளிக்கொண்டுவந்தாலும் அதே விதிதான் என்று 1927-ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு காட்டியது. ஆகவே, குழாய் வழியே ஒரே மூச்சில் கொட்டிய மணல் புயல் தள்ளிய மணலுக்குச் சமம். கடலடி மாநிலத்துடையது, அதன் மேல் மாநிலம் கொட்டிய மணலும் மாநிலத்துடையது. சங்கத்துக்கு இருந்ததாகச் சொல்லப்பட்ட உரிமை முன்பே அப்படித் தீர்மானமாக இருந்ததில்லை. இல்லாததைப் பறிக்க முடியாது.

நீதிமன்றமும் சொத்தைப் பறிக்கலாம் என்ற கொள்கையை நான்கு நீதிபதிகள் ஏற்றார்கள். ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை. கென்னடியும் பிரேயரும் தனித்தனியே எழுதி, அந்தக் கேள்வியை இன்று தீர்க்க வேண்டிய தேவையில்லை என்று ஒதுங்கினார்கள். சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கை இன்றும் படிப்பது அந்தத் தீராத பாதிக்காகத்தான். கரையில் இருந்தவர்களுக்கு அந்தப் பாதியால் பயனில்லை. கோடு நின்றது, கோட்டுக்குத் தெற்கே மணல் பொதுவானது.

வழக்காறு

மணல் நிரப்பாத கரையில், அதாவது கவுண்டியின் பெரும்பகுதியில், பழைய நகரும் கோடே நீடித்தது. கூட்டம் மட்டும் பெருகியது. காலையில் வாடகை நிறுவனங்களின் ஆட்கள் வந்து இரண்டு நாற்காலிக்கு ஒரு குடை வீதம் நீரோரத்தில் வரிசை கட்டுவார்கள். வாடகை வீடுகளிலிருந்து வருபவர்கள் பின்னால் கூடாரம் அடிப்பார்கள். வீட்டுக்காரர்கள் தனியார் கடற்கரை என்று பலகை நட்டார்கள், கழி ஊன்றிக் கயிறு கட்டினார்கள். ஷெரிஃபின் காவலர்கள் அத்துமீறல் புகாருக்கு மணலில் நடந்து வந்து நடுவர் வேலை பார்க்க வேண்டியதாயிற்று. எந்தக் கோட்டை வைத்து?

இதைச் சொத்துக்காரர்களும் பொதுமக்களும் மோதிக்கொண்ட கதை என்று எழுதுபவர்கள் உண்டு. அது பாதி உண்மை. இரண்டாம், மூன்றாம் தெருவில் வாடகை வீடு வைத்திருப்பவரும் சொத்துக்காரர்தான். அவர் விருந்தாளி மணலில் உட்கார முடியாவிட்டால் அவர் வீட்டுக்கு வாடகையே இல்லை. வாடகை வீடு, உணவகம், விடுதி வரி, அந்த வரியை நம்பியிருக்கும் கவுண்டி நிர்வாகம் என எல்லாம் முதல் வரிசையின் முன்னால் கிடக்கும் மணலில் கால் ஊன்றி நிற்கின்றன. முதல் வரிசைக்காரர்களின் உண்மையான குறை இங்கேதான் இருந்தது. எங்கள் மணலைக் காட்டி விளம்பரம் செய்கிறீர்கள், வரி வசூலிக்கிறீர்கள், கூட்டத்தைச் சுமப்பது நாங்கள் என்று அவர்கள் கேட்டது நேர்மையான கேள்வி. அதற்குக் கவுண்டி தரப்பிலிருந்து முழுப் பதில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பொதுமக்கள் தரப்பின் ஆயுதம் வழக்காறு. 1974-இல் டேடோனா கடற்கரை வழக்கில் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் ஒரு விதி வகுத்தது. காய்ந்த மணலை மக்கள் நெடுங்காலமாக, நியாயமான முறையில், இடையறாமல், தகராறின்றிப் பயன்படுத்தி வந்திருந்தால் நிலம் தனியாருடையதாக இருந்தாலும் அந்தப் பழக்கத்தை நிலக்காரர் தடுக்க முடியாது. பத்திரமோ பட்டாவோ தேவையில்லை, பழக்கம் போதும். நம் கிராமங்களில் வரப்பின் மேல் நடந்து நடந்து பாதையான இடத்தை எவரும் அடைக்க முடியாது என்கிறோமே, அதே அறிவு. ஆனால் 2007-இல் வொலூசியா கவுண்டி வழக்கில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், பழக்கத்தை அந்தந்த இடத்துக்கு நிரூபிக்க வேண்டும், மாநிலம் முழுவதற்கும் ஒரே போர்வை போர்த்த முடியாது என்றது.

2016 அக்டோபரில் வால்ட்டன் ஆணையர்கள் உள்ளூர்ச் சட்டம் இயற்றினார்கள். கவுண்டியின் காய்ந்த மணல் முழுவதிலும் பொதுமக்கள் நடக்கலாம், உட்காரலாம், விளையாடலாம், மீன் பிடிக்கலாம். மணல்மேட்டின் அடியிலிருந்தோ நிலையான கட்டடத்திலிருந்தோ 15 அடியை மட்டும் வீட்டுக்காரரின் தனிமைக்காக விட்டுவிட வேண்டும். 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நல்ல நோக்கம். ஆனால் யார் எங்கே எத்தனை தலைமுறையாக உட்கார்ந்தார்கள் என்பதை ஒவ்வொரு மனைக்கும் நிறுவாமல், இருபத்தாறு மைலுக்கும் ஒரே அறிவிப்பாகச் செய்தது பலவீனம். அந்தப் பலவீனத்தில்தான் எதிர்த்தரப்பு கைவைத்தது.

தலைநகரில்

இம்முறை வீட்டுக்காரர் தரப்பின் கண் டலஹாசியில் இருந்த சட்டமன்றத்தின் மேல். 2018-இல் 631 எண் மசோதா வந்தது. தலைப்பு, அசையாச் சொத்தின் உடைமை பற்றியது. வெளியேற்ற வழக்குகள் எங்கே தொடுக்கப்பட வேண்டும் என்பது போன்ற வறண்ட விஷயங்களுக்கு நடுவே ஒரு பிரிவு இருந்தது. நீதிமன்றம் முதலில் அறிவிக்காமல் எந்த உள்ளாட்சியும் வழக்காற்றைக் காரணம் காட்டித் தனியார் மணலைப் பொதுவாக்கக் கூடாது என்றது அது. 2016 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ நடைமுறையில் இருந்த உள்ளூர்ச் சட்டங்களுக்கு விலக்கு உண்டு. வால்ட்டனின் சட்டம் அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. பழைய சட்டம் வைத்திருந்த கவுண்டிகள் தப்பின, வால்ட்டன் மாட்டிக்கொண்டது.

அர்கன்சா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் மைக் ஹக்கபீ வால்ட்டனில் கடலோர வீடு வைத்திருந்தார், மசோதாவை ஆதரித்தார். ஆளுநர் ரிக் ஸ்காட் மார்ச்சில் கையெழுத்திட்டார். ஜூலை 1 அன்று சட்டம் அமலாக, கோடை விடுமுறைக் கூட்டம் உச்சத்தில் இருந்தபோது கவுண்டியின் மணல் மறுபடி தனியாருக்குப் போனது. எதிர்ப்பு மாநிலம் முழுக்கக் கிளம்பியது. அப்போது அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்குத் தேர்தலில் நின்றுகொண்டிருந்த ஸ்காட் அதே ஜூலையில், பொதுமக்களின் கடற்கரை உரிமையைக் காக்கச் சொல்லி நிர்வாக ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். அது மாநில அமைப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். அவர் கையெழுத்திட்ட சட்டத்தை மாற்றாது. மணலில் நின்றவர்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

புதிய சட்டம் விதித்த நடைமுறை கடுமையானது. கவுண்டி பொது விசாரணை நடத்தி, பாதிக்கப்படும் வீட்டுக்காரர்களுக்குப் பதிவு அஞ்சல் அனுப்பி, குறித்த நாளுக்குள் வழக்குத் தொடுத்து, பழக்கம் இருந்தது என்பதை ஆதாரத்தோடு தானே நிரூபிக்க வேண்டும். வீட்டுக்காரர் எவரும் வழக்கில் சேர்ந்து மறுக்கலாம். 2018 டிசம்பரில் வால்ட்டன் 1,194 மனைகளுக்காக வழக்குப் போட்டது.

பழக்கத்தை நிரூபிப்பது எப்படி? இந்த இடத்தைத்தான் நான் மிகவும் யோசித்திருக்கிறேன். பத்திரம் என்றால் பதிவகத்தில் நகல் கிடைக்கும். பழக்கத்துக்குப் பதிவகம் இல்லை. 1960-களில் அப்பா எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில், குழந்தைகள் மணலில் குழி தோண்டும் காட்சிக்குப் பின்னால் எந்த வீடு தெரிகிறது? அந்த வீடு இன்று இருக்கிறதா, புயலில் போய்விட்டதா? படத்தில் இருப்பவர்கள் விருந்தாளிகளா, அன்னியர்களா? உட்கார்ந்திருந்த இடம் அன்றைய உயர் ஓதக் கோட்டுக்கு மேலா, கீழா? மக்கள் எவ்வளவு இயல்பாக அந்த மணலில் உட்கார்ந்தார்களோ அவ்வளவுக்கு அதைக் குறித்துவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. உரிமை உறுதியாக இருந்த காலத்தில் சாட்சி சேர்வதில்லை. தகராறு வந்த பிறகு சாட்சி தேடினால், 'தகராறின்றி' என்ற நிபந்தனையே ஆட்டம் காண்கிறது. 'ஃபுளோரிடா பீச்சஸ் ஃபார் ஆல்' என்ற உள்ளூர் மக்கள் அமைப்பு வழக்காற்றுக்காக ஊரைத் திரட்டியது. எதிரில் இருந்தவர்களுக்குச் சங்கமும் வழக்கறிஞரும் பத்திரமும் பல ஆண்டுகளாகவே இருந்தன. இவர்கள் கையில் இருந்தது நினைவு.

வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2023-இல் பல வீட்டுக்காரர்களோடு உடன்பாட்டில் முடிந்தது. நீரோரத்தில் 20 அடி அகலப் பட்டை பொதுமக்களுக்கு என்பது அதன் சாரம். 2016 சட்டம் மணல்மேட்டை ஒட்டிய 15 அடியை மட்டும் வீட்டுக்காரருக்கு விட்டது. ஏழு ஆண்டு கழித்துப் பொதுமக்களுக்கு மிஞ்சியது கடலை ஒட்டிய 20 அடி. எல்லை மணலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விட்டது. வீட்டுக்காரர் தரப்பின் அரசியல் திறமைக்கு அந்த இரண்டு எண்களைவிட வேறு அளவுகோல் வேண்டாம்.

பிறகு அவர்களே எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து அடி வந்தது. 631-ஐ நீக்கும் 1622 எண் மசோதாவை 2025-இல் மாநிலச் செனட்டில் கொண்டுவந்தவர் ஜே டிரம்புல்; கீழவையில் முன்னெடுத்தவர் டிஃப்யூனியக் ஸ்பிரிங்ஸ்காரரான ஷேன் அபட். இருவரும் குடியரசுக் கட்சியினர். 2018 சட்டத்தை நிறைவேற்றிய சட்டமன்றப் பெரும்பான்மையும் அதே கட்சிதான். சொத்துரிமை என்று சொன்னால் தம் பக்கம் நிற்கும் என்று வீட்டுக்காரர்கள் நம்பியிருந்த கட்சி, விடுமுறைக்கு வரும் குடும்பங்களின் பக்கம் நகர்ந்துவிட்டது. காரணம் எளியது. இரண்டாம் வீட்டுக்காரரின் வாக்கு வேறு ஊரில். மணலில் இடம் இல்லாமல் திரும்பியவரின் வாக்கு இங்கே. தொடக்கத்தில் சொன்ன அந்த வாக்குச்சீட்டுக் கணக்குக் கடைசியில் வந்து சேர்ந்தது. ஆளுநர் ரான் டிசான்டிஸ் அந்த ஜூனில் கையெழுத்திட்டார். சட்டம் உடனே அமலுக்கு வந்தது.

நீக்கம் என்றால் மணல் தானாகப் பொதுவாகிவிட்டது என்று பொருளில்லை. வழக்காறு பற்றி உள்ளூர்ச் சட்டம் இயற்றும் அதிகாரம் கவுண்டிக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். 1974-இன் நிபந்தனைகள் அப்படியே நிற்கின்றன. எந்த வீட்டுக்காரரும் தன் மனைக்கு அவை பொருந்தாது என்று நீதிமன்றம் போகலாம். ஆகவே அந்தக் குடும்பப் படங்களுக்கும் முதியவர்களின் வாக்குமூலங்களுக்கும் இன்னும் வேலை இருக்கிறது. 2016-இல் அவசரப்பட்டது போல் இம்முறையும் அவசரப்படாமல், மனை மனையாகச் சாட்சி சேர்த்து வைப்பதுதான் கவுண்டி செய்யக்கூடிய நல்ல வேலை. அறுபதுகளில் அங்கே மணலில் விளையாடிய குழந்தைகளுக்கு இன்று எழுபது வயதை ஒட்டி ஆகிறது.

இதற்கிடையே, கவுண்டியின் மேற்கு ஓரத்தில், ஆறு பேர் சங்கம் வழக்காடிய பகுதியில், அரிப்புக் கட்டுப்பாட்டுக் கோடு பதிவேட்டில் அசையாமல் இருக்கிறது. அந்த மனைகளின் தெற்கெல்லையை நில அளவையாளர் ஒரே நாளில் புள்ளி வைத்துக் காட்டிவிடுவார். கோட்டுக்கு அப்பால் யார் உட்காரலாம் என்று யாரும் கேட்பதில்லை. கிழக்கே, நிரப்பாத மணலின் முன்னால் உள்ள பத்திரங்களில் தெற்கெல்லை இன்றும் கடல்தான்.